அங்கம்மா அக்கா நீட்டிய வெற்றிலை

அங்கம்மா அக்கா போய்விட்டாராம். இன்று காலை, நானுஓயாவில், மகள் வீட்டில். போன் வந்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை...

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரே தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்து கொழுந்து பறித்தவர்கள் நாங்கள். எனக்கு அடுத்த நிரை அவருக்கு. கையும் ஓயாது, வாயும் ஓயாது.

அறுபதுகளின் தொடக்கம். கரண்ட் எடுக்க அணை கட்டப்போகிறார்கள், நீங்கள் குடியிருக்கிற லயம் தண்ணீருக்குள் போய்விடும் என்றார்கள். சரி, நாங்கள் எங்கே போவது? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

தோட்டத்துத் தொரையைக் கேட்டால் அரசாங்கம் என்பார். அரசாங்க ஆட்களோ கடன் கொடுக்கிற வெளிநாட்டு பேங்க்கைக் கைகாட்டுவார்கள். பேங்க்கை நாங்கள் எங்கே போய்க் கேட்பது?

ஒருநாள் அந்த பேங்க்கிலிருந்தே ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவசர அவசரமாக லயத்துக்கு வெள்ளையடித்து, மாலை போட அக்காவை முன்னால் நிறுத்தினார்கள். ஆள் அவ்வளவு லட்சணம்!

மாலை போட்ட கையோடு அக்கா மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினார். அவரும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். போட்டோ வேறு...

பேச்சை மாற்றிச் சொல்ல நின்றிருந்த தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரிடம் அக்கா திரும்பினார். "ஐயா, எங்கள்ல நாலு பேரு முன்னால வெத்தல வாங்குனா வாக்குக் குடுத்த மாதிரின்னு அவருகிட்ட சொல்லுங்க. புது லயம் கட்டிக் குடுத்துட்டுத்தான் தண்ணிய விடணும்."

அந்தக் குளிரிலும் கிளாக்கருக்கு வேர்த்துவிட்டது. "என் வேலைக்கு ஒல வச்சிறாத புள்ள..."

"அப்புடியே சொல்லுங்கய்யா. கொறைக்காதீங்க."

சொன்னார். வெள்ளைக்காரரின் சிரிப்பு நின்றது. வெற்றிலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கட்டாயம் கவனிக்கிறேன் என்றாராம். வெற்றிலையைத் திருப்பித் தரவில்லை.

அப்புறம் அக்காவை நாங்கள் கிண்டல் செய்யாத நாளில்லை. "தாம்பூலம் மாத்தியாச்சு, மாப்புள எப்ப வருவாரு?"

மாப்பிள்ளை வரவேயில்லை. அணை வளர்ந்தது, எங்களுக்கு ஒரு கல்கூட வரவில்லை. ராத்தூக்கம் போனது எல்லாருக்கும்.

அடுத்த வருஷம் பேங்க்கிலிருந்து வேறொருவர் வந்தார். அக்கா நேரே போய் ஜீப்பை மறித்தார். "வெத்தல வாங்குனவரு எங்க?"

அவர் வேறு நாட்டுக்கு மாறிப்போய்விட்டார், இவருக்கு ஒன்றும் தெரியாது என்றார் கிளாக்கர்.

"ஆளு மாறட்டும்யா. பேங்க்கு அதேதானே? அப்ப வாக்கும் அதேதான்."

இந்த முறை கிளாக்கர் கெஞ்சவில்லை. சத்தமாகவே இங்கிலீஷில் சொன்னார். அவர்மேல் எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

அந்த பேங்க் மனுஷன் ஜீப்பை விட்டு இறங்கினார். எங்களோடு மேல்மலைக்கு ஏறி, வீடு கட்ட இடம் பார்த்துவிட்டுத்தான் போனார். வீடு முடியாமல் அடுத்த தவணைப் பணம் கிடையாது என்று பேங்க் சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். மழைக்கு முன்பே கல்லும் தகரமும் வந்து இறங்கின.

நாங்கள் குடிபோன பிறகுதான் தண்ணீர் ஏறியது. மேலே நின்று எல்லாரும் பார்த்தோம். பிறந்து வளர்ந்த லயம் கூரை வரை முங்கியபோது எனக்கு அழுகை தாங்கவில்லை.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டி அழுவுற? நல்லாப் பாரு... உள்ள யாருமே இல்லடி."

போயிட்டு வாங்கக்கா. நாளைக்கு நானுஓயாவுக்கு வருகிறேன்...