வடிவுப் பெட்டியும் தொலையாத மாடும்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. கிளிநொச்சிக்குத் துணி எடுக்கப் போய்விட்டு மல்லாவி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். யன்னல் பக்கத்து இருக்கை, மடியில் இரண்டு பெரிய பொதிகள். பக்கத்தில் இருந்த பெண்மணி பத்திரிகை ஒன்றை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். மெல்லக் கண்ணை ஓட்டினேன். என்ன பக்கம் தெரியுமா? இதே பக்கம்தான்!

எழுதுகிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அது நான் தண்ணீர் மோட்டரோடு மல்லுக்கட்டிய கதை. கயிறு இழுத்து இழுத்துத் தோள்மூட்டு கழன்ற இடத்துக்கு வந்ததும் அவர் வாய்விட்டே சிரித்துவிட்டார். நான் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இதோ திரும்பப் போகிறார்... அடையாளம் காணப் போகிறார்...

திரும்பினார்.

"அக்கா, நீங்கள் இதை வாசிக்கிறனீங்களோ?"

"ஓம்... இடைக்கிடை."

"நல்ல பகிடியா எழுதுவா. ஆனா எனக்கொரு சந்தேகம்." பத்தியின் தலைப்பில் இருந்த என் படத்தின் மேல் விரலை வைத்தார். "இந்த முகத்தைப் பாருங்கோ. ஒருநாள் வெயில் பட்ட முகமோ இது? இவா மோட்டர் இழுத்தவாவாம்! கொழும்பில ஃபானுக்குக் கீழ இருந்து எழுதுறா போல."

"இருக்கும்" என்றேன்.

மல்லாவிச் சந்தியில் இருவரும் இறங்கினோம். அவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் போனேன். அது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவரில் பிழையில்லை. அந்தப் படம் பதின்மூன்று வருடத்துக்கு முன் வவுனியாவில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அப்போதே ஸ்டூடியோக்காரர் என்னைக் கேட்காமல் இரண்டு சுற்று வெள்ளையடித்துவிட்டார். அதன் பிறகு வயல், கிணற்றடி, வெயில் என்று பதின்மூன்று வருடம் ஓடிவிட்டது. இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டு. நான் தையல் கடை வைத்திருக்கிறவள். கடையில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. நாள் முழுக்க அதைப் பார்க்கிறேன் — மற்றவர்களின் சட்டைக் கை சரியாக நிற்கிறதா என்று. என் முகம் அதில் வந்தால் தள்ளி நின்றுகொள்வேன்.

ஆசிரியர் ஒரு வருடமாகப் புதுப் படம் கேட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல், மழை, கல்யாண வீடு என்று சாட்டுச் சொல்லித் தப்பிவந்தேன். அந்தக் கிழமை அவரே தொலைபேசியில் வந்தார். "அடுத்த மாசக் கடைசிக்குள்ள படம் வரோணும் அக்கா. இல்லாட்டி படமில்லாமத்தான் பத்தி போகும்."

படமில்லாமல் போனால் பிரச்சினை தீர்ந்ததுதானே என்று நினைப்பீர்கள். நானும் ஒரு இரவு அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசித்தால்... என் முகத்தைக் காட்ட எனக்கே வெட்கம் என்றல்லவா அதற்கு அர்த்தம்? உண்மையும் அதுதான். அதை ஒத்துக்கொள்ளத்தான் கஷ்டமாக இருந்தது.

இந்த விஷயம் எப்படியோ தர்சினிக்குத் தெரிந்துவிட்டது. தர்சினி என் கடையில் பட்டன் தைக்கிற, கொக்கி வைக்கிற, மிச்ச நேரத்தில் போன் பார்க்கிற பிள்ளை. "அக்கா, ஒருக்காப் பதிஞ்சால் மாசா மாசம் பெட்டி வரும். முகத்துக்குத் தேவையான எல்லாம் இருக்கும்" என்றாள். நான் "ஓம்" என்றேனா, "ஓமோ?" என்றேனா என்று நினைவில்லை. அவள் பதிந்துவிட்டாள்.

பத்தாம் நாள் பார்சல் வந்தது. எங்களூரில் வீட்டிலக்கத்தை வைத்து வீடு கண்டுபிடித்தவர் எவருமில்லை. கொண்டுவந்தவர் பெட்டியை உரக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எடுக்கப் போனால், கடை முதலாளி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "தங்கச்சி, இது புதுக் கொம்பனியோ? என்ன பூச்சிக்கு?"

வீட்டில் பகிடி அதற்கு மேல். ரோஸ் நிறப் பெட்டியைத் திறந்து, சின்னச் சின்னப் போத்தல்களை மேசையில் அடுக்கினேன். பேஸ் வோஷ், சீரம், சன்கிரீம், நைட் கிரீம், உதட்டுக்கு ஒன்று. என் கணவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இருபது வருடமாக நெல்லுச் செய்கிறவர்.

"இஞ்சாரும், இது காலமை அடிக்கிறதோ, பின்னேரம் அடிக்கிறதோ?"

"அடிக்கிறதில்லை. பூசுறது!"

"சரி, பூசி எத்தினை மணித்தியாலத்துக்கு மழை படக்கூடாது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு தர்சினி சன்கிரீம் பெட்டியை வாசித்துச் சொன்னாள்: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், நனைந்தால் திரும்பவும் பூச வேண்டும். மனிசன் கேட்டதில் பிழையே இல்லை!

பெட்டிக்குள் ஒரு அட்டையும் இருந்தது. இந்த மாதம் உங்களுக்காக நீங்கள் வைக்கும் இலக்குகள் என்று தலைப்பு, கீழே ஐந்து கோடுகள். எனக்காகவா? இந்த நாற்பத்தாறு வயதுக்குள் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பேனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். எட்டுத் தம்ளர் தண்ணீர் என்று எழுதினேன். பத்து மணிக்குப் படுக்கை. ஒவ்வொரு நாளும் அரை மணி நேர நடை. கடைசிக் கோட்டில் — புதுப் படம். நடுவில் ஒரு கோடு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

தண்ணீர் குடிப்பது சுகமான வேலை. படுக்கையும் ஒருமாதிரிச் சமாளித்தேன். நடைதான் என்னை ஆட்டிவைத்தது.

எங்கள் பக்கத்தில் ஆட்கள் சும்மா நடப்பதில்லை. ஒருவர் றோட்டில் நடந்து போகிறார் என்றால் சைக்கிளுக்குக் காற்றுப் போயிருக்க வேண்டும், அல்லது பஸ் தவறியிருக்க வேண்டும். அவரைக் கண்டும் ஏற்றாமல் போனால் அது பெரிய மரியாதைக் குறைவு. முதல் நாள் சன்கிரீமைப் பூசிக்கொண்டு குளக்கட்டை நோக்கி இறங்கினேன். இருநூறு அடி போயிருக்க மாட்டேன், மருத்துவமனைத் தாதி ஸ்கூட்டியை நிறுத்தினா. "ஏன் நடந்து போறியள்? ஏறுங்கோ, ஏறுங்கோ." ஏறினேன். இரண்டாம் நாள் அறுவடை முடிந்து வந்த உழவு இயந்திரம் ஒன்று. நெல்லுச் சாக்குகளின் மேல் ராணி மாதிரிப் போனேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வளவு சிவராசா அண்ணை தன் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில், லான்ட்மாஸ்டரில், வந்தார். இன்றைக்கு விடுவதில்லை என்று நான் தீர்மானித்திருந்தேன்.

"இல்லை அண்ணை, நான் சும்மா நடக்கிறன்."

அண்ணை இயந்திரத்தை நிறுத்தினார். "சும்மாவோ?"

"ஓம், சும்மாதான்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அன்று பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். என் கணவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய், "குடும்பம் எண்டால் நாலும் இருக்கும் தம்பி... நீதான் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போகோணும்" என்று முக்கால் மணி நேரம் புத்தி சொல்லியிருக்கிறார்!

இதன் பிறகு உண்மை சரிவராது என்று கண்டேன். நாலாம் நாள் தாதி ஸ்கூட்டியை நிறுத்தியபோது, முன்யோசனையே இல்லாமல் என் வாயில் வந்தது: "மாடு ஒண்டைக் காணேல்லை. தேடிப் போறன்."

என்ன அருமையான பொய்! மாடு தேடுகிறவளை எவரும் வண்டியில் ஏற்ற முடியாது. மாடு றோட்டிலா நிற்கும்? வரம்பால் இறங்கலாம், குளக்கட்டால் ஏறலாம், நின்று நாலு பக்கமும் பார்க்கலாம், எல்லாம் பொருத்தம்.

"என்ன நிறம்?"

"சிவலை."

"குறி?"

வீட்டில் கட்டி நிற்கிற எங்கள் சிவலைக்குக் காலில் அழகாகக் குறி சுட்டிருக்கிறது. அதைச் சொன்னால் பொய் பிடிபட்டுவிடும். "இன்னும் சுடேல்லை" என்றேன்.

அடுத்த ஏழு நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்தது குறைவு. காலை வெயில், குளத்துக் காற்று, தண்ணீரில் கொக்கு. யாருடைய அளவும் எடுக்காமல், யாருக்கும் தேத்தண்ணி போடாமல், அரை மணி நேரம் முழுக்க எனக்கே எனக்கு. முகத்துத் திட்டு அப்படியேதான் இருந்தது. ஆனால் கண்ணாடியைக் கண்டால் தள்ளி நிற்கிற பழக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

எங்களூர்ச் சனத்தைப் பற்றி மட்டும் மறந்துபோனேன். இங்கே ஒரு வீட்டு மாடு தொலைந்தால் அது ஊருக்கே தொலைந்த மாடு. தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒரு சிவலை புளியமரத்தடியில் படுத்திருக்கிறதாம். இன்னொன்று நெல்லு ஆலைக்குப் பின்னால் நிற்கிறதாம். கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கட்டோ என்று ஐயர் ஆள் அனுப்பிக் கேட்டார். சிவராசா அண்ணை லான்ட்மாஸ்டரில் இரண்டு நாள் காட்டுக்கரை முழுக்கச் சுற்றியிருக்கிறார். எங்கள் உண்மையான சிவலையோ குசினிக்குப் பின்னால், றோட்டுக்குத் தெரியாமல், வைக்கோல் தின்றுகொண்டு நிற்கிறது.

"சொந்த மாட்டை ஒளிச்சு வைச்சு வளர்க்கிற ஒரே ஆள் நான்தான்" என்றார் என் கணவர். அவர் சிரிக்கவில்லை.

மாடு 'தொலைந்து' எட்டாம் நாள், நல்ல வெயில் நேரம். படலையில் யாரோ கூப்பிட்டார்கள். முகத்தில் பாதி சன்கிரீம் பூசியபடி வெளியே வந்தேன். ஒரு பெண் நிற்கிறா. கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு சிவலை. குறி இல்லாத சிவலை. அவவின் உள்ளங்கை இரண்டும் கயிறு உரசிச் சிவந்திருந்தது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"அக்கா, குளத்துக்கு அங்கால நிண்டது. இதுதானே உங்கட மாடு?"

முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அதே ஆள்!

சரியாக அந்த நேரம் பார்த்துக் குசினிக்குப் பின்னாலிருந்து எங்கள் சிவலை "ம்மா" என்றது.

இனி என்ன ஒளிக்க? அவவை உள்ளே கூப்பிட்டு, இருத்தி, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் செல்வராணி என்றா. குளத்துக்கு அந்தப் பக்கம் வீடு. கேட்டுக்கொண்டே இருந்தா.

"அப்ப மாடு தொலையேல்லை?"

"இல்லை."

"பின்ன ஏனக்கா?"

"எனக்கு... நடக்கோணும் போல கிடந்தது."

ஏச்சு விழப் போகிறது என்று தலையைக் குனிந்தேன். விழ வேண்டியதும்தான். இரண்டு மைல் தூரம், யாரோ ஒருத்தியின் பொய்க்காக, கொதிக்கிற வெயிலில் மாடு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறா. தம்ளரைக் கீழே வைத்தா.

"கன காலத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் நானும் இவ்வளவு தூரம் தனிய நடந்தனான்" என்றா. "வரேக்க மாட்டோட கதைச்சுக் கதைச்சு வந்தனான். வடிவா இருந்தது."

அந்தச் சொல்லில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிச்ச உண்மையையும் சொல்லிவிட்டேன். "அண்டைக்குப் பஸ்ஸில நீங்கள் வாசிச்சது... அதை எழுதுறது நான்தான்."

செல்வராணி நிமிர்ந்து பார்த்தா. நான் பயந்த இடத்தைத்தான் பார்த்தா — கன்னத்தை. கிரீம் பூசிய பாதியையும், பூசாத பாதியையும், திட்டையும். வெகுநேரம் பார்த்தா. இந்தமுறை நான் முகத்தைத் திருப்பவில்லை.

"ஓம்" என்றா கடைசியில். "இது மோட்டர் இழுத்த முகம்தான்."

அந்தச் சொல் எனக்குச் செய்ததை எந்தப் பெட்டியில் வந்த கிரீமும் செய்ததில்லை.

அவ கொண்டுவந்த சிவலையைப் பிடித்த இடத்திலேயே இருவருமாகக் கொண்டுபோய் விட்டோம். இப்போது நாங்கள் நாலு பேர் நடக்கிறோம். செல்வராணி, தாதி, தர்சினி, நான். சிவராசா அண்ணையிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் லான்ட்மாஸ்டரில் எங்களைக் கடக்கும்போது, "மாடு ஆப்பிட்டுதோ?" என்று கத்திக்கொண்டு போனார். "இன்னும் இல்லை அண்ணை!" என்று நாலு பேரும் ஒரே குரலில் கத்தினோம். ஒருவரும் இப்போது எங்களை ஏற்ற வருவதில்லை.

இரண்டாவது பெட்டியும் வந்தது, வழக்கம்போல உரக்கடைக்கு. சன்கிரீமை நாலு பேரும் பங்குபோட்டுக்கொண்டோம். நைட் கிரீம் எங்கள் வீட்டில் ஒருவரின் பித்தவெடிப்புக்குப் போய்விட்டது. குதிக்கால் மினுங்குகிறது என்று அவர் சொல்கிறார். தண்ணீர் எட்டுத் தம்ளர் ஆறாகக் குறைந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். திட்டு போகவில்லை. போனால் சந்தோஷம், போகாவிட்டால் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

மாதக் கடைசிக்கு ஒருநாள் முன், குளக்கட்டில் வைத்துத் தர்சினி படம் எடுத்தாள். "அக்கா, போனிலேயே கன்னத்தைத் துடைச்சு விடட்டோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். செல்வராணி பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல, நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆசிரியருக்கு அனுப்பினேன்.

மேலே இருக்கிற படத்தில் சிரிப்பது நான்தான். பின்னால் நிற்கிற சிவலை எங்களுடையது அல்ல — தயவுசெய்து பிடித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்!