மூடிய லோங்காங்

கிள்ளான் நகராண்மைக் கழகக் கூட்டத்தில் பொதுமக்கள் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. எண்பதுகளில் எங்கள் தாமானின் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருந்த எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வாய் சும்மா இருக்காத ஆள் நான். பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா இருப்பார். எங்கள் வரிசையிலேயே குடியிருந்தவர். மேரு பக்கம் தொழிற்சாலையில் வேலை. கூட்ட நாளில் லீவு போட்டுவிட்டு வருவார். கோயிலுக்குள் போவதுபோல் மண்டப வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்.

"அக்கா, இங்க சாமி இல்ல லா," என்று காவலாளி ஒருநாள் கிண்டலடித்தார்.

"கேக்க வந்திருக்கேன்ல, தம்பி," என்றார் அவர்.

சங்கத்தின் பெயரில் நான் எழுதிக் கொடுத்த மனுவில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தாமான் முனையில் ஓடிய பெரிய லோங்காங்கை மூட வேண்டும். ஆள் உயரத்துக்கு ஆழமான கான்கிரீட் கால்வாய் அது. கனத்த மழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால், சாலை எது, லோங்காங் எது என்று தெரியாது. அப்படியொரு மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டு வந்த அவருடைய மகள் சாலை என்று நினைத்துக் காலை வைத்துவிட்டாள். குடை கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை. லோங்காங் போய்ச் சேரும் ஆற்றில் படகு விட்டுத் தேடினார்கள்; கிடைக்கவே இல்லை.

மண்டபத்தில், சாலை வட்டத்தில் என்ன பூச்செடி வைப்பது என்று சாவகாசமாகப் பேசுவார்கள். லோங்காங் என்றதும் ஒருவர், மூடினால் குப்பை அள்ள முடியாது என்பார். இன்னொருவர், செலவு யார் தலையில் என்பார். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே பாட்டு. ஒருநாள் ரத்தம் கொதித்து எழுந்து, உங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் தள்ளிவைப்பீர்களா என்று மலாயில் கத்திவிட்டேன். வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கூட்டம் முடிந்து வந்த அந்த அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க சத்தம் போட்டா என்னையும் சேத்து அனுப்பிருவாங்க, அண்ணே. நான் அங்க உக்காந்திருக்கணும். அவங்க என்னப் பாத்துக்கிட்டுத்தான் வேணாம்னு சொல்லணும்," என்றார்.

கடைசியில் அவர்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை. லோங்காங்கை மூட முடிவாயிற்று. லோரிகளில் கனமான கான்கிரீட் பலகைகள் வந்து இறங்கின. நான் சந்தோஷத்தில் வேலையாட்களுக்கு வடை வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மழையில் கடைக்குப் போனவன், அந்த அம்மா பலகைமேல் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தேன். செருப்பு ஓரமாகக் கிடந்தது.

"வேலை முடிஞ்சு வரப்போ தெனமும் இங்க நின்னு அவகிட்ட பேசுவேன், அண்ணே. சாப்டியான்னு கேப்பேன். மூடச் சொன்னதும் நான்தான். இனிமே அவளுக்குக் கேக்குமா?"

"கேக்கும்மா," என்றேன்.

பலகையைத் தூக்குவதற்காக விட்டிருந்த ஓட்டை ஒன்று காலடியில் இருந்தது. அவர் மண்டியிட்டு அதில் வாயை வைத்து, "சாப்டியாம்மா?" என்றார். பிறகு காதை வைத்தார். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அவர் காதை எடுக்கவில்லை.

சில வருஷம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மழை பிடித்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. குடையை எடுத்துக்கொண்டு போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைப் பக்கம் குனிந்து நான் கேட்டுவிட்டு வருகிறேன்.