சுவரேறி வந்தவர் கேட்ட ஏணி

மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்கழி. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையை விட்டு மேற்கே கொஞ்சம் உள்ளே தள்ளி, தோப்பாகக் கிடந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றிருந்தார்கள். அதில் ஒரு மனை வாங்கி வீடு கட்டி நாங்கள் குடிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வீட்டுக்குப் பின்னால் நின்றால் மலை தெரியும். மார்கழிக் காலையில் மலையும் தெரியாது, எங்கள் சுற்றுச்சுவரும் தெரியாது. மேலிருந்து இறங்கிய பனி எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு கிடக்கும். வெயில் ஏற ஏறத்தான் மரம், சுவர், எதிர்வீடு என்று உலகம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

பின்புறச் சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம். அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. மனை அளந்தபோது நட்ட சர்வே கல் என்று நினைத்தேன். அது மண்ணும் பாசியுமாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கறுப்புப் பெயின்டில் மனை எண்ணையும் எழுதி வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே அந்தப் பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கல்லில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. மேலே செவ்வரளிப் பூ. கீழே மண்ணில் எண்ணெய்க் கறை. முன்கேட்டில் பூட்டு பூட்டியபடியே இருக்க, பின்சுவரின் உள்பக்கத்தில் ஈரக் காலடி ஒன்று பதிந்திருந்தது.

என் மனைவி பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "எல்லைக் கல்லுல மஞ்சளத் தடவி வச்சிருக்காகன்னா அது நல்லதுக்கா? யாரோ நம்மள இங்கருந்து கெளப்பப் பாக்காக" என்றாள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. நான் கம்பி பிரஷ்ஷால் மஞ்சளைத் தேய்த்தெடுத்து, மனை எண்ணை மறுபடி எழுதினேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் மஞ்சள். எதுவும் திருட்டுப் போகவில்லை என்பதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. எடுத்துக்கொண்டு போக வருகிறவனைப் புரிந்துகொள்ளலாம். வைத்துவிட்டுப் போக வருகிறவனை என்ன செய்வது?

பக்கத்து வீட்டுக்காரர் போலீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகு கிடைத்த முதல் கேஸ் அல்லவா. சுவரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"பாட்டில உடைச்சு மேல வரிசையாப் பதிங்க சார். ஒரு பய கை வைக்க மாட்டான். கரன்ட் வேலி மட்டும் நெனைச்சுக்கூடப் பாக்காதீக. எவனாவது செத்தான்னா உள்ள போறது நீங்கதான். இல்லன்னா நம்ம ஊரு நாயி ஒண்ணு வாங்கி விடுங்க. திருடனையும் கடிக்கும், பால்காரனையும் கடிக்கும்."

"அப்போ பொறவு பாலு யாரு கொண்டாருவா? நீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள் என் மனைவி.

நாய் அத்தோடு போயிற்று. கண்ணாடி எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்று உயரமாக, ஒன்று குட்டையாக, ஒன்று பச்சையாக, ஒன்று பழுப்பாக. தினம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் கொத்தனாரை வைத்துச் சுவரை உயர்த்தினேன். வெல்டிங் கடையில் சொல்லி, ஒரே அளவில் ஈட்டி முனைக் கம்பிகள் செய்து, சுவர் மேலும் கேட் மேலும் நூல் பிடித்த மாதிரி பொருத்தினோம். சுவர்ப் பக்கம் நீண்டிருந்த வேப்பங்கிளையை வெட்டினோம். மிச்சமிருந்த சிமென்ட் கற்கள் உள்ளே இடத்தை அடைத்ததால், வெளிப்பக்கம் சுவரை ஒட்டி நானே அடுக்கி வைத்தேன்.

"இனி காக்கா கூட ஒக்காராது சார்" என்றார் போலீஸ்காரர்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. விடிந்தும் விடியாத வேளை. அவ்வளவு பனியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தூரத்துக் கோயிலில் போட்ட பாட்டு, தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. பால் வாங்கப் பாத்திரத்தோடு வெளியே வந்தேன். பின்பக்கமிருந்து யாரோ மெதுவாகக் கூப்பிட்டார்கள்.

"அண்ணாச்சி..."

போய்ப் பார்த்தேன். சுவர் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகப் பனி மட்டும் இருந்தது. அந்தப் பனிக்கு மேலே, ஆகாயத்தில், கிளிப்பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தூக்குவாளி. எதன் மேலும் உட்காராமல் காற்றில் அமர்ந்திருப்பது போலவே இருந்தது. பயப்பட வேண்டும் என்பதுகூட எனக்குச் சிறிது நேரம் தோன்றவில்லை. கனவு கலைந்துவிடுமோ என்பது போல அசையாமல் நின்றேன்.

அவர்தான் பேசினார். "கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. வீட்டுல ஏணி இருக்கா?"

கிட்டே போனேன். என் வயதுதான் இருக்கும். காதில் கல் தோடு, படிய வாரிய தலை, வசதியான வீட்டுப் பெண் என்று பார்த்ததும் தெரிந்தது. ஈட்டிக் கம்பிகளின் மேல் சாக்கைப் பல மடிப்பாக மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சேலை ஒரு கம்பியில் மாட்டியிருந்தது. அந்தப் பக்கமும் போக முடியாது, இந்தப் பக்கமும் இறங்க முடியாது.

"எப்படி ஏறுனீங்க?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. அதுதான் வாயில் வந்தது.

"வெளிய படி மாதிரி கல்ல அடுக்கி வச்சிருக்கீகள்லா. நல்லா அமைப்பா இருந்துச்சு. உள்ள எறங்கத்தான் ஒண்ணும் வைக்கல. இருந்த கெளையவும் வெட்டிட்டீக."

"எதுக்கும்மா ஏறுனீங்க?"

"எங்க சாமிக்கு வெளக்குப் போடணும்" என்று கையை நீட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் என் சுண்ணாம்பும், அதன் மேல் என் மனை எண்ணும்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "சார்! பேச்சுச் சத்தம் கேக்கே, ஆள் மாட்டிருச்சா? விட்றாதீக. ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டா செத்த நேரத்துல வந்துருவாக."

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. "அண்ணாச்சி, ஸ்டேஷன் மட்டும் வேண்டாம். சோழபுரத்துல எங்க வீட்டு ஆளுக தல நிமிந்து நடக்கணும். எம் மவன் பட்டாளத்துல இருக்கான். ஆத்தா செவரேறிக் குதிச்சான்னு அவன் காதுல விழக் கூடாது" என்றார். அப்போதும் கை தூக்குவாளியை விடவில்லை.

பின்னால் என் மனைவி எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. அவள்தான் குரல் கொடுத்தாள்.

"போனெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. வந்தது எங்க மதினிதான்."

"மதினியா? செவத்து மேலயா?"

"கேட்டுச் சாவியக் காணும். பின்ன பறந்தா வருவாக?"

பனிக்குள்ளிருந்து "நல்ல குடும்பம்" என்ற முணுமுணுப்பும், அதன் பிறகு செருப்புச் சத்தம் விலகிப் போவதும் கேட்டது.

ஏணி வைத்து இறக்கினோம். உட்காரச் சொன்னோம், அவர் உட்காரவில்லை. கல்லில் வெயில் விழுவதற்குள் விளக்கு ஏற்றியாக வேண்டுமாம். கல்லின் முன்னால் மண்டியிட்டவர் மனை எண்ணைப் பார்த்தார்.

"இது என்னது அண்ணாச்சி, எங்க ஆத்தாளுக்கு டோர் நம்பரா?"

"சர்வே கல்லுன்னு நெனைச்சேன்மா."

அவர் சிரித்துவிட்டார். "சரி விடுங்க. தபால்காரருக்கு வசதி."

மஞ்சளைக் குழைத்து எண்ணின் மேலேயே பூசினார். அகலை ஏற்றினார். பனிக்குள் அந்தச் சுடர் மட்டும் ஈரமில்லாத ஒரே பொருளாக நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் விவரம் சொன்னார். ஒரு காலத்தில் அந்தத் தோப்பு அவர்கள் குடும்பத்துடையது. பங்காளிகள் பிரித்து விற்றபோது நிலம் கைமாறியது, அவர்களுடைய குலதெய்வம் அங்கேயே நின்றுவிட்டது. மகன் எல்லையில், பனி மலையில் வேலையில் இருந்தான். அவன் லீவில் வீடு வந்து சேரும்வரை ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் விளக்குப் போடுவதாக நேர்ந்திருந்தார். முந்தின நாளே பக்கத்துத் தெருவில் அக்கா வீட்டுக்கு வந்து தங்கிவிடுவாராம்.

"இந்த வாரம் அவன்ட்டருந்து போன் வரல. வெளக்கும் போடலைன்னா நான் வீட்டுல எப்படி இருப்பேன், சொல்லுங்க."

"கேட்டத் தட்டிக் கேட்டிருந்தா தெறந்து விட்ருப்போமே" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டு, நீங்க மாட்டேன்னு சொல்லிட்டா? மாட்டேன்னு ஒருத்தர் சொன்ன எடத்துக்குள்ள பொறவு எப்படி வர? கேக்காம வந்தா, தடுக்கது செவரு மட்டுந்தான."

முதல் வெள்ளிக்கிழமையே வந்து கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? தெறந்து விட்ருப்போமே என்று நான் சொன்னது உண்மைதானா? இன்றும் எனக்குத் தெரியாது.

பின்பக்கத்துக்கு ஒரு சாவி தருவதாகச் சொன்னோம். வேண்டாம் என்றுவிட்டார். "நாளைக்கு ஒரு சாமான் காணாமப் போச்சுன்னா எம்மேலதான வரும்" என்றார். அதனால் வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி விடியுமுன் எழுந்து முன்கேட்டைத் திறந்து வைப்பாள். பனிக்குள்ளிருந்து கிளிப்பச்சையோ அரக்கோ மெல்ல உருக்கொண்டு வரும். விளக்குப் போட்டபின் இருவரும் மரத்தடியில் நின்று காப்பி குடிப்பார்கள். போலீஸ்காரருக்குச் சொன்ன பொய் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிக்கொண்டிருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் மதினி என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். போன் வந்துவிட்டது என்று ஒரு வெள்ளிக்கிழமை வாசலிலேயே நின்று சொன்னார். அன்றைக்கு என் மனைவிதான் அழுதாள்.

தை கடைசியில் மகன் லீவில் வந்தான். நெடுநெடுவென்ற பிள்ளை. சுவரை அண்ணாந்து பார்த்து, "இதுலயாம்மா ஏறுன?" என்றான்.

"ஏலே, சத்தமாப் பேசாத. பக்கத்து வீடு போலீஸ்காரவுக வீடு" என்றார் அவர்.

அன்று கற்பூரம் காட்டி, கல்லடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துச் சிவப்புத் துணியில் முடிந்துகொண்டார்கள். பிடிமண் கொண்டுபோய்ச் சோழபுரத்தில் தங்கள் வயலிலேயே சாமியை நிறுத்துவதாக ஏற்பாடு. "ஏன் மதினி, இங்கேயே வாங்களேன்" என்று என் மனைவி கெஞ்சினாள்.

"காலம் பூரா ஒங்கள விடியக்காலம் எழுப்பவா? நீங்க செஞ்சது போதும்" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி, "அவ போகணும்னா மண்ணோட வருவா, இருக்கணும்னா இங்கயும் இருப்பா. அது நம்ம கையில இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வயலில் சாமி கும்பிட்டபோது எங்களை அழைத்தார்கள், போய் வந்தோம். இங்கே என் மனைவி வெள்ளிதோறும் விளக்குப் போடுகிறாள். நான் அந்தக் கல்லில் எதையும் எழுதுவதில்லை. பனி இறங்கும் காலைகளில் பின்பக்கம் போய் நிற்பேன். கம்பிகள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நிற்கும், ஒவ்வொரு முனையிலும் ஒரு துளி நீரோடு. யாரும் ஏறுவதில்லை.

ஏற முடியாத சுவர்தான் எனக்கு வேண்டியிருந்தது, அது எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் என் வாயிலிருந்து ஒரு 'மாட்டேன்' வந்துவிடுமோ என்று பயந்து ஒருவர் அந்த ஈட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்தார் என்பதை நினைத்துத்தான், யார் கேட்டைத் தட்டினாலும் இன்று நான் செருப்பைக்கூடத் தேடாமல் எழுந்து போகிறேன்.