ஆறு இலைக்குப் பன்னிரண்டு வழி

சிராங்கூன் சாலையில் நாங்கள் சாப்பாட்டுக்கடை வைத்த புதிதில், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆறு பேர்தான் வாடிக்கை. வண்டிக்காரர் இருவர், பால்காரர் இருவர், சலவைக்காரர் இருவர். இந்தப் பக்கம் மூன்று இலை, எதிரில் மூன்று இலை. நடுவில் நடந்து நான் பரிமாறுவேன்.

ஒரே தொழில்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் சோறு இறங்காது. ஒருநாள் ஒரு பால்காரர் மற்றவரிடம், “உன் பாலை வடிகட்டித்தான் குடிக்கணும், இல்லன்னா தொண்டையில மீன் சிக்கும்” என்றார். அன்று ரசச் சட்டி உடைந்தது. மாடியில் இருந்த வீட்டுக்காரர் இறங்கி வந்து, இன்னொரு சண்டை என்றால் கடையைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மறுநாள் பால்காரரைப் பிரித்தேன். எதிரெதிரே அமைந்த வண்டிக்காரர்கள் என் தலைக்கு மேலேயே ஏசிக்கொண்டார்கள். ஆக, பக்கத்திலும் கூடாது, எதிரிலும் கூடாது. அப்படி ஒரு வரிசை அமைத்தேன். சண்டை நின்றது, புகார் வந்தது. அடுப்படி ஓரத்து முதல் இலைக்குத்தான் சூடாகச் சோறு விழும். “எங்களுக்கு மட்டும் என்னக்கா, தினமும் அடிச்சட்டியா?” என்றார் ஒரு சலவைக்காரர்.

முதல் இலை எல்லாருக்கும் சமமாக வரும், அதுவரை ஒருமுறை போட்ட வரிசை திரும்பாது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்படி எத்தனை வரிசை உண்டென்று எனக்கே தெரியாது. ஒன்றிரண்டுதான் என்றால் மானமும் போகும், கடையும் போகும்.

எண்களை மட்டும் எழுதத் தெரியும் எனக்கு. வண்டி ஒன்று, பால் இரண்டு, சலவை மூன்று என்று அடுப்படித் தரையில் கரியால் எழுதிப் பார்த்தேன். முதல் இலையில் ஒன்று, அதற்கு எதிரில் இரண்டு. அடுத்த ஜோடியை இரண்டு, ஒன்று என்று மாற்றிப் போட்டால், மிச்சமிருந்த மூன்றும் மூன்றும் எதிரெதிரே வந்து நின்றன. அழித்தேன். என் கணவர் எட்டிப் பார்த்து, “ஆளுக்கொரு மரத்தடியில இலை போட்டுடலாமே” என்றார். நான் மறுபடி கரியை எடுத்தேன்.

முதல் ஜோடியில் விட்டுப்போன தொழில் அடுத்த ஜோடியில் வந்தே ஆகவேண்டும். அது பிடிபட்டதும் முடிச்சு அவிழ்ந்தது. முதல் ஜோடியை ஆறு விதமாகப் போடலாம். ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஜோடி இரண்டு விதம். கடைசி ஜோடி தானாக வந்து உட்காரும். பன்னிரண்டு. முதல் இலை ஒவ்வொரு தொழிலுக்கும் நாலு நாள். திரும்பத் திரும்ப எண்ணினேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

பன்னிரண்டும் முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், மாடி வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார்.

“என்ன தங்கச்சி, இன்னிக்குச் சாப்பிட யாரும் வரலையா?”

“எல்லாரும் உள்ளதான் இருக்காங்க, அண்ணே.”

எட்டிப் பார்த்தார். ஆறு தலையும் இலையில் குனிந்திருந்தன. “சரி, நீங்க பாட்டுக்கு நடத்துங்க” என்று மேலே போய்விட்டார்.

நானும் ஒரு இலை போட்டுக்கொண்டு அடுப்பருகில் உட்கார்ந்தேன். சோறு ஆறித்தான் போயிருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.