பட்டினிக் குளம்

எங்கள் ஆலையில் அவளைப் பாசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காவலாளி ஒருபடி மேலே போய், "பாசியக்கா வராங்க, பார்த்து நடங்க, வழுக்கிடப் போகுது" என்பார். தினமும் அதே நகைச்சுவை. அவளும் தினமும் சிரித்து வைப்பாள். நானாக இருந்தால் எப்போதோ நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

பாசியிலிருந்து வண்டிக்கு எண்ணெய் எடுக்கிற ஆலை இது. முழங்கால் ஆழமுள்ள நீளமான குளம், தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்க ஒரு சக்கரம். அதில் அக்கா பாசி வளர்க்கிறாள். பக்கத்துக் கொட்டகையில் நான் அதை வடிகட்டிக் காயவைத்துப் பிழிகிறேன். அவள் கணவர் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில் வேலை பார்ப்பவர். "வீட்டுக்காரர் பழைய எண்ணெய், வீட்டுக்காரி புது எண்ணெய், நல்ல ஜோடிப்பொருத்தம்" என்று சீண்டுவேன். "பழசு எப்பத் தீருமோ, அப்பதான் அவர் வருவார்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சொன்ன கையோடு சக்கரத்தைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விடுவாள்.

கல்யாணமான நாளிலிருந்தே அவர் விருந்தாளி மாதிரிதான் வந்து போகிறார். அலமாரியில் தொங்கும் அவருடைய சட்டைகளை, யாரும் போடாத சட்டைகளை, அக்கா அடிக்கடி துவைத்துக் காயப்போடுவாள். "பூஞ்சை பிடிச்சிடும்டி" என்று காரணம் சொல்வாள். பூஞ்சையாவது ஒன்றாவது. கொடியில் அந்தச் சட்டை ஆடுவதைப் பார்க்க வேண்டும் அவளுக்கு.

போனில் அவர் "எப்படி இருக்க?" என்று கேட்டதே இல்லை. கேட்டால் அழுதுவிடுவாள் என்று கண்டுகொண்டிருக்க வேண்டும். "குளம் எப்படி இருக்கு?" என்பார். "பச்சைப்பசேல்னு இருக்கு" என்பாள். சரி, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று அவர் எடுத்துக்கொள்வார். குளம் எப்படிக் கிடந்தாலும் பதில் அதேதான்.

இந்த வருஷம் ஒரு வழி பிறந்தது. குளம் நல்ல எண்ணெய் தந்தால் இரண்டாவது குளம் வெட்டுவதாகவும், அதைப் பார்த்துக்கொள்ள அக்காவின் கணவரையே எடுத்துக்கொள்வதாகவும் மேனேஜர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் அவர் தேம்பினாராம். அன்றைக்கு அக்காவின் கால் தரையில் பாவவில்லை.

பாசியிடம் ஒரு குணம் உண்டு. வேளாவேளைக்கு உரம் போட்டால் பச்சையாகக் கொழிக்கும், எண்ணெய் வைக்காது. உரத்தை நிறுத்திப் பட்டினி போட்டால்தான், இனி என்ன ஆகுமோ என்று பயந்து உள்ளே எண்ணெய் சேர்க்கும். அப்போது நிறம் வெளுத்து மஞ்சளாகிவிடும். பார்க்கச் சகிக்காது. "வளர்த்த கையாலயே பட்டினி போடறேனே" என்று புலம்பியபடி அக்கா உரத்தை நிறுத்தினாள். இதைக் கணவரிடம் சொல்லவில்லை. போனில் வழக்கம்போல் பச்சைப்பசேல்தான்.

குளம் நன்றாக மஞ்சளாகி வரும்போது மாமா லீவில் வந்து சேர்ந்தார். அக்கா புருஷன் எனக்கு மாமாதானே. வந்த அன்றைக்குப் பாசிப் பேச்சை எடுக்க யாருக்குத் தோன்றும்? மறுநாள் அக்காவுக்குக் காய்ச்சல். "நீ படு. சக்கரம் சுத்துதான்னு பார்க்கணும், அவ்ளோதானே? நான் போறேன்" என்று மாமா கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, உள்ளே வேறு யாரும் இல்லை. காவலாளி சலாம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

வருஷக்கணக்காகப் பச்சைப்பசேல் என்று கேட்டுவந்த குளம் மஞ்சளாகக் கிடந்தால் மனிதர் என்ன நினைப்பார்? நான் வரும் சந்தோஷத்தில் குளத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று பதறிப்போனார். கொட்டகையிலிருந்த உரமூட்டையைப் பிரித்துத் தாராளமாகக் கொட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "குளம் சாகக் கிடந்துச்சும்மா. நல்லவேளை நான் போனேன்" என்று பெருமையோடு சொல்லியிருக்கிறார். அக்கா போர்வையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஓரிரு நாளில் குளம் பச்சையாகிவிட்டது. "யார் உரம் போட்டது?" என்று இன்ஜினியர் மேடம் கத்தினார். "நான்தான் மேடம். காய்ச்சல் மயக்கத்துல தெரியாமப் போட்டுட்டேன்" என்றாள் அக்கா. காவலாளி தலையைக் குனிந்துகொண்டார். எண்ணெயைச் சோதிக்கத் தலைமை அலுவலகத்து ஆட்கள் வரும் தேதி நெருங்கிவிட்டது, மறுபடி பட்டினி போட நாள் இல்லை. வந்து நின்ற அவர்கள் கண் முன்னாலேயே நான் பிழிந்தேன். எண்ணெய் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் வரவில்லை. இரண்டாவது குளம் இப்போதைக்கு இல்லை என்றாகிவிட்டது, மாமாவின் வேலையும்தான்.

வழியனுப்பப் பஸ் நிலையத்துக்கு நானும் போனேன்.

"ஏன் எண்ணெய் வரல?" என்று மாமா என்னைக் கேட்டார். பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அக்கா முந்திக்கொண்டு, "வெயில் பத்தலைங்க" என்றாள்.

"வெயிலுக்கு நாம என்ன பண்ண முடியும்? அன்னிக்கு நான் மட்டும் உரம் போடலேன்னா அந்தக் கொஞ்சமும் வந்திருக்காது, இல்ல?"

"ஆமாங்க. நீங்கதான் காப்பாத்துனீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவருடைய பெட்டியைத் தூக்கித் தெருவில் வீசியிருப்பேன். பஸ் கிளம்பித் திரும்பி மறைந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா மறைச்ச? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த தடவையாவது கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருப்பார்ல?"

"சொன்னா தாங்க மாட்டார்டி. இங்கயே இருந்துடணும்னு என்னைவிட அவருக்குத்தான் ஆசை. அதைத் தன் கையாலயே கெடுத்துக்கிட்டோம்னு தெரிஞ்சா, கடல் நடுவுல அதையே நினைச்சுக்கிட்டுக் கிடப்பார்."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எனக்கு அழறதுக்கு நீ இருக்க. அவருக்கு அங்க யாருடி இருக்கா?"