அலாரத்துக்கு எழுதாமல் விட்ட குறிப்பு

ஆபீசில் அவரை விநாடி சார் என்பார்கள். முகத்துக்கு நேரேயே சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. புரோகிராம் எப்படி நடக்க வேண்டும் என்று எண்களாகப் போட்டுவைக்கும் கான்ஃபிக் ஃபைலில் எந்த எண்ணைக் கண்டாலும், பக்கத்தில் ஒரு கமெண்ட் எழுதாவிட்டால் மனிதருக்குக் கை அரிக்கும். ‘இது விநாடி.’ ‘இது நிமிடம், விநாடி அல்ல.’ கம்ப்யூட்டர் அந்தக் குறிப்பைச் சட்டை செய்வதே இல்லை, மனிதர்கள் படிக்கத்தான் அது.

“வந்துட்டே இருக்கேன்னு போன்ல சொல்றீங்களே, அதுக்கும் ஒரு கமெண்ட் போடுங்க, நிமிஷமா மணிநேரமான்னு” என்பாள் மனைவி.

ஆபீசிலும் வீட்டிலும் எல்லாரும் சிரித்தார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

மருந்துக் கிடங்குகளின் குளிர் அறையைக் கண்காணிக்கும் புரோகிராம் அவர்களுடையது. கதவு திறந்து கிடந்தால் எவ்வளவு நேரம் பொறுத்து அலாரம் அடிக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரி. மற்ற வரிகளெல்லாம் விநாடிக் கணக்கு, அந்த ஒன்று மட்டும் நிமிடக் கணக்கு. ஆரம்ப நாளில் அவசர அவசரமாக அதை எழுதியவர் இவர்தான். கமெண்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டார். விட்டது விட்டதுதான்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கிடங்கில் இரண்டு நிமிடம் வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். பக்கத்து மேஜைக்காரி மேல் வரியைப் பார்த்தாள், கீழ் வரியைப் பார்த்தாள், எல்லாம் விநாடிதானே என்று 120 போட்டாள். ஒரு மதியம் கதவு சரியாகச் சாத்தவில்லை. 120 நிமிடம், அதாவது இரண்டு மணி நேரம், அலாரம் மூச்சுவிடவில்லை. உள்ளே இருந்த தடுப்பூசி அத்தனையும் பாழ்.

“நிமிஷம்னு தெரியாதா உனக்கு?” என்று எல்லார் எதிரிலும் கேட்டார் மேனேஜர்.

“எங்கயும் எழுதலையே சார்.”

“எழுதலைன்னா கேட்டிருக்கணும்.”

ஒவ்வொரு வரியையும் எழுதியவர் யார் என்று பதிவில் இருக்கும். ஒரு பொத்தானைத் தட்டினால் தெரிந்துவிடும். யாரும் தட்டவில்லை. இவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்வது? அந்த வாரமே அவள் மேஜை காலியானது. அதற்கப்புறம்தான் ஊரில் உள்ள எண்ணுக்கெல்லாம் கமெண்ட் போட ஆரம்பித்தார்.

போன மாதம் அவள் போன் செய்தாள். வேலையை விட்டுப் போன பிறகும் அவளோடு பேசிக்கொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான். அவள் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டாளாம். பழைய வேலை எப்படிப் போனது என்று துருவுகிறார்களாம்.

“அந்த வரில நிமிஷம்னு குறிப்பு இல்லைன்னு, யார் அப்படி விட்டாங்கன்னு, நீங்க அவங்களுக்கு ஒரு மெயில் போட்டாப் போதும்ணா. நீங்க சொன்னா நம்புவாங்க.”

‘அதை எழுதியது நான்’ என்று டைப் அடித்தார். அழித்தார். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது, மகள் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள், ‘பழைய ஊழியர் ஒருவர் குறிப்பு எழுதத் தவறிவிட்டார்’ என்று அனுப்பினார். எழுதியதில் பொய் இல்லை என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

“கிடைக்கலைண்ணா. யாரோ விட்டுட்டாருன்னா யாருன்னு கேக்குறாங்க. பேரே இல்லாம நான் யார் மேலயோ பழி போடுறேன்னு நினைச்சுட்டாங்க.”

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தார்.

“நீங்க ஏண்ணா கஷ்டப்படுறீங்க, உங்களால ஆனதைச் செஞ்சீங்க. அந்த ஆள் மேலகூட எனக்குக் கோவம் இல்லை. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்து சொல்லியிருப்பார். பாவம், இப்படி ஒண்ணு நடந்ததே அவருக்குத் தெரியாதுல்ல?”

“தெரியாதும்மா” என்றார்.