இழைத்துவிட்ட கதவு

தஞ்சாவூரில் பத்து வருஷம் பழைய மரச்சாமான்களைச் சரிசெய்து பிழைத்தேன். பர்மா தேக்குக் கட்டில், ஆடுகிற நாற்காலி, செல்லரித்த பீரோ எல்லாம் வரும். எனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். வெளிப்பக்கம் எவ்வளவு பாலீஷ் வேண்டுமானாலும் போடலாம். உள்பக்கத்தில் மரத்தைச் சீவும் இழைப்புளி படக்கூடாது. பிள்ளை பிறந்த நாள், நாற்று விட்ட தேதி என்று வீட்டுக்காரர்கள் பீரோக் கதவின் உள்பக்கத்தில்தான் பென்சிலால் குறித்து வைப்பார்கள்.

பிறகு பிளாஸ்டிக் நாற்காலியும் இரும்பு பீரோவும் வந்தன. வெளிநாட்டுப் பணத்தில் புது வீடுகள் எழும்பின. பழசைச் சரிசெய்ய யார் வருவார்கள்? நானும் மாறினேன். மாடுகள் குறைந்து, கேட்பாரில்லாமல் கிடந்த வைக்கோலை அழுத்திப் பலகையாக்கி, பழைய தேக்கோடு சேர்த்து மேசை, அலமாரி வடிவமைத்தேன். ஒரு மரம்கூட வெட்டவில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். பெங்களூரிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்து போட்டோ வேறு எடுத்தார்கள். கேட்கவா வேண்டும், தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் திருத்துறைப்பூண்டியிலிருந்து அந்த அம்மா வந்தார். அவர் கணவர் அரிசிக்கடை வைத்திருந்தவர்; காலமாகி இரண்டு வருஷம். அவர் இருந்தபோது அவர்கள் பீரோவுக்கு நான்தான் கால் மாற்றிக் கொடுத்தேன்.

"துபாயிலேருந்து பையன் வர்றான் தம்பி. புது வீட்டு மாடிக்கு இந்த பீரோ ஏறாதாம். இதையே ஒரு மேசையா ஆக்கிக் குடுங்க. கதவு பத்திரம்," என்றார்.

நல்ல தேக்கு என்பதால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கதவைப் புரட்டினால் உள்ளே நிறைய எழுத்து. பார்த்தேன், பார்க்காமல் இல்லை. டிசைன் சுத்தமாக வர வேண்டுமே என்று இரண்டு பக்கமும் இழைத்துத் தள்ளினேன்.

மேசையைக் கொண்டுபோய் இறக்கியதும் அந்த அம்மா தடவிப் பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"எழுத்து எங்க தம்பி?"

"இழைச்சுட்டேம்மா."

"போன தடவ நீங்க அதைத் தொடவே இல்லியே. அந்த நம்பிக்கையிலதான் குடுத்தேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எத்தனை வீட்டுக் கதவைக் காப்பாற்றிய கை, பாவி, இதை மட்டும் விட்டேனா!

அவருக்குப் படிக்கத் தெரியாது. மகன் அத்தா என்று கூப்பிடும் கணவர்தான் அவ்வப்போது படித்துக் காட்டுவாராம். இனி மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று காத்திருந்திருக்கிறார்.

"போனது போவட்டும். இழைக்கிறதுக்கு முன்னாடி படிச்சிருப்பீங்கல்ல? புள்ளையோட அத்தா என்ன எழுதியிருந்தாங்க, அதையாவது சொல்லுங்க."

நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.